பட்டவனே சொல்ல வேண்டும்

போன மாதம் பிரிஞ்சாங்கிலிருந்து மூன்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சிலம்பக் கழகத்துப் பிள்ளைகள். மரியாதை தெரிந்தவர்கள், காலில் விழப் பார்த்தார்கள், நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர்களுடைய ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்: ‘சிலம்பப் பயிற்சியும் ஆன்ம வளர்ச்சியும்’. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் ஜாகாவாக, அதாவது காவல்காரனாக, கம்பும் கையுமாக நின்று ஓய்வு பெற்றவன் நான். ஆன்மாவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கேமரன் மலையில் இல்லை என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. மூவரில் மூத்தவன் பேசினான்.

“தாத்தா, போட்டியில பழைய ரூல மாத்திட்டாங்களாம். இனிமே அடி பட்டவரு தானா சொல்ல வேண்டியதில்லையாம். நாலு மூலையிலயும் ஒவ்வொரு ரெஃப்ரி நிப்பாராம், அவரே பாத்து கொடி தூக்குவாராம். நம்ம கலையோட உயிரே அந்த ஒரு சொல்லுலதான இருக்கு? நீங்க அதைக் கண்டிச்சு நாலு வரி எழுதணும்.”

“நல்ல ரூலுதான்,” என்றேன். “இன்னும் முந்தியே வந்திருக்கணும்.”

பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவமாக இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அது. மலரில் போடுவார்களோ என்னவோ, போடாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

நான் சிலம்பம் படித்த கதையை நீட்ட விரும்பவில்லை. பதினேழு வயதில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே வருடம் ரெங்கசாமி வாத்தியாரிடம் போனேன். வாத்தியார் பகலில் கொழுந்து மலையில் மண்டோர். ஆள்களை மேய்க்கிற வேலை. மாலையில் எங்களுக்கு வாத்தியார். முதல் வருடம் கையில் கம்பே தரவில்லை. வெறும் காலடிதான். விடியுமுன் ஓடைத் தண்ணீரில் குளியல். அந்த மலைத் தண்ணீர் எலும்பில் போய் உட்காரும். ஒரு மண்டலம் கவுச்சி கிடையாது, கள் கிடையாது, வசவு வார்த்தை கிடையாது. மூச்சை எண்ணிக்கொண்டு ஒரே நிலையில் நிற்க வேண்டும். அப்படி ஏழு வருடம் போயிற்று.

மலையில் சமமான தரைக்குப் பஞ்சம். எங்கள் தோட்டத்தில் தொழிற்சாலைக்கு முன்னால் ஒரே ஒரு திடல்தான் இருந்தது. விடியற்காலையில் அங்கே பெரட்டு நடக்கும். கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட, ஆள்கள் வரிசையில் நின்று, துரை சொல்கிற வேலைக்குப் பிரிந்து போவார்கள். சாயங்காலம் அதே திடலில் நாங்கள் கம்பு சுற்றுவோம். காலையில் அது துரையின் இடம், மாலையில் வாத்தியாரின் இடம்.

வாத்தியார் உயிராக வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. ஜோடி போட்டு விளையாடும்போது கம்பின் இரண்டு நுனியிலும் துணி சுற்றுவோம். தொழிற்சாலை அடுப்புக் கரியைத் தண்ணீரில் குழைத்து அந்தத் துணியை அதில் தோய்ப்போம். நுனி உடம்பில் பட்டால் கரி ஒட்டும். ஆனால் கரியைப் பார்த்து வேறு யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடி வாங்கியவன் தானே நின்று, கம்பைச் சாய்த்து, வலது கையால் தரையைத் தொட்டு, ‘பட்டது’ என்று சொல்ல வேண்டும். வாத்தியார் உடனே அடித்தவனைப் பார்ப்பார். அவன் ‘என் அடிதான்’ என்று சொல்ல வேண்டும். தன் கம்பு படவில்லை, அவனே வழுக்கி இடித்துக்கொண்டான் என்றால் ‘என் அடி இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் சொன்ன பிறகு, அடித்தவன் வந்து பட்டவனைக் கட்டிக்கொள்வான். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். பட்டதை மறைத்தவனோடு யாரும் ஜோடி நிற்க மாட்டார்கள். அப்படி ஒருவன் வெட்கம் தாங்காமல் ரிங்லெட் பக்கம் வேறு தோட்டத்துக்கே போய்விட்டான்.

“எதிராளிய ஜெயிக்கிறதுக்கு மாடு போதும்டா. நானுன்னு ஒன்னு உள்ள ஒக்காந்திருக்கு பாரு. ‘பட்டது’ன்னு சொல்றப்பல்லாம் அது கொஞ்சம் சாவுது. அதுக்குத்தான் இந்தக் கம்பு,” என்பார் வாத்தியார்.

நான் அதை நம்பினேன். வெறும் நம்பிக்கை இல்லை, அனுபவித்தும் பார்த்தேன். தரையைத் தொட்டு அந்தச் சொல்லைச் சொல்லி எழும்போது நெஞ்சுக்குள் ஒரு லேசு வரும். அன்றைய கோபதாபம் எல்லாம் கீழே இறங்கிவிடும். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்த ஆள்கள் இரண்டு பேர் அந்தப் பழக்கத்தால் மனிதர்களானதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அது பொய் என்று சொல்லி ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என்னோடு எப்போதும் ஜோடி நின்றவன் சடையன். கவாத்து வெட்டுகிறவன். ஒரு முறை கவாத்துக் கத்தி நழுவி இடது குதிகாலில் விழுந்து நரம்பு அறுந்திருந்தது. அதனால் பின்வாங்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுப்பான். அந்த இழுப்பையே ஒரு வித்தையாக மாற்றி வைத்திருந்தான். எந்தப் பக்கம் போகிறான் என்று எதிராளிக்குப் பிடிபடாது. அவன் தங்கை பவுனைத்தான் நான் கட்டினேன். கல்யாணத்தன்று என் காதில் வந்து, “மச்சான், வீட்லயும் ‘பட்டது’ன்னு நீதான் சொல்லணும். அவ ஒருநாளும் சொல்ல மாட்டா,” என்றான். அவன் அம்மா, என் அத்தை, லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் அவனோடு இருந்தார்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்கார துரை ஓடிப் போய், பங்களாவில் ஜப்பான் துரை குடியேறினார். பட்டாளத்து ஆள் இல்லை. ஏதோ கம்பெனியிலிருந்து அனுப்பப்பட்டவர். தேயிலையை வாங்க ஆளில்லாமல் பாதி மலையில் செடி காடாக வளர்ந்தது. மீதியில் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு சக்கரவள்ளியும் கீரையும் போட்டோம். அரிசி சின்னப் படியான சுண்டுக் கணக்கில்தான் கிடைத்தது.

அந்தத் துரையைப் பற்றி நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் என்றால் கன்னத்தில் அறைகிறவன் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. இவர் யாரையும் கை தொட்டதில்லை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விடிகாலையில் பங்களா புல்தரையில் வெறுங்காலோடு நின்று மரவாள் ஒன்றை மேலே தூக்கி இறக்குவார். நூறு முறை, இருநூறு முறை. பிறகு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். எதையாவது முடிவு செய்யுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை நாலாக மடித்து, இரண்டு கண்ணாடியையும் மெதுவாகத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். முடித்துவிட்டால் பேச்சு மாறாது.

ஒரு மாலை நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது திடலுக்கு வந்தார். ஓரத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே வந்தார். எந்த வெள்ளைக்காரனும் எங்கள் தரைக்கு அந்த மரியாதை கொடுத்ததில்லை. எங்களுக்குப் புல்லரித்துப் போயிற்று. கூடவே சாமுவேல் கிராணி நின்றார். வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் பேசியவர், ஆறு மாதத்தில் ஜப்பான் பாஷையையும் பிடித்துக்கொண்டார். காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர் என்று எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்காது.

சடையன் என்னிடம் அடி வாங்கி, தரையைத் தொட்டு ‘பட்டது’ என்றதைத் துரை பார்த்தார். என்னவென்று கேட்டார். கிராணி விளக்கினார். துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நடுவரே இல்லாம, பட்டவனே சொல்றதான்னு கேக்குறாரு,” என்றார் கிராணி. “அவங்க ஊர்லயும் வாள் புடிக்கிறது மனச சுத்தம் பண்றதுக்குத்தானாம். நீங்களும் தானும் ஒரே பாதையில போறவங்கங்கறாரு.”

வாத்தியார் கை கூப்பினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வெறும் கூலிக்காரர்கள் என்று நூறு வருடம் பேர் வாங்கிய எங்களைப் பார்த்து ஒரு துரை அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தலை கனக்காது? மறுவாரமே எங்களில் ஆறு பேரைப் பொறுக்கி ஸ்டோருக்கு ஜாகாவாகப் போட்டார். பொய் சொல்லாத ஆள்கள் காவலுக்கு வேண்டும் என்றாராம். எனக்கும் அந்த வேலை கிடைத்தது. நாளுக்கு ஒரு சுண்டு அரிசி கூடுதல். என் காவல் உத்தியோகம் அப்படித்தான் தொடங்கியது. ஆன்மா வளர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு சுண்டு அரிசி.

சடையனை எடுக்கவில்லை, கால் இழுக்கிறது என்று.

அடுத்த வருடம் அத்தைக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். லயத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் அப்படி வீங்கிச் செத்திருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துவிட்டு, மருந்து எதுவும் இல்லை, பச்சைப்பயறு வேகவைத்துத் தொடர்ந்து கொடுத்தால் வடியும் என்றார். பச்சைப்பயறு ஸ்டோரில் மூட்டை மூட்டையாக இருந்தது. பட்டாளத்துக்கென்று ஒதுக்கியது. சடையன் கிராணியிடம் கெஞ்சினான், கிராணி துரையிடம் கேட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று துரை மறுத்துவிட்டார்.

பிறகு சடையன் என்னிடம் வந்தான்.

“மச்சான், ரெண்டு சுண்டு பயறு போதும். நீ ஒன்னும் எடுத்துத் தர வேணாம். ஒன் மொறையில கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்னீன்னா போதும்.”

“கம்பு புடிச்ச என்னைய அந்த வேல செய்யச் சொல்றியா? நீயா கேக்குற?” என்றேன்.

“சரி விடு. தப்பா கேட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று எனக்கு என்மேலேயே ஒரு பெருமிதம். சொந்தம் என்றுகூடப் பார்க்கவில்லையே, எவ்வளவு உயர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நாலு நாள் கழித்து, விடியும் நேரத்தில், பனி ஸ்டோரை மூடிக்கிடந்தபோது பின்பக்கத்தில் பலகை முனகும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கையில் சின்ன மூட்டையோடு ஓர் உருவம் வெளியே வந்தது. “யாரு?” என்றேன். பதில் இல்லை. கை முந்திக்கொண்டது. வலது தோளுக்குக் கீழே இறக்கினேன். மூட்டை விழுந்து பயறு சிதறியது. உருவம் பின்வாங்கி பனிக்குள் போயிற்று. போகும்போது இடது காலை இழுத்தது.

முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் ஏழு வருடம் எதிரே நின்ற காலடி அது.

ஆறு ஜாகாவில் மற்ற ஐந்து பேர் முறையில் அவன் வரவில்லை, என் முறையில் வந்தான். நான் திரும்பி நிற்பேன் என்று கடைசிவரை நம்பியிருக்கிறான்.

சிதறிய பயறையும் பெயர்ந்த பலகையையும் மறைக்க முடியாது. அடுத்த முறைக்காரன் வந்துவிட்டான். கிராணி மூலமாகத் துரைக்குச் சேதி போயிற்று. என்னைக் கேட்டார்கள். “ஒரு ஆளு வந்தான். அடிச்சேன். வலது தோளுல பட்டுச்சு. மூஞ்சிய நான் பாக்கல,” என்றேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அன்று பெரட்டில் முந்நூறு பேர் நின்றார்கள். துரை வந்தார். எல்லாரையும் சட்டை கழற்றச் சொல்லுவார், சடையன் மாட்டுவான் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. ஜாகாவின் கம்புக்கு முன்னால் நின்று ஓடித் தப்பியவன் கம்பு தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். சிலம்பம் பிடிக்கிற பதினெட்டுப் பேரையும் முன்னால் வரச் சொன்னார். ஓரத்தில் பூட்ஸைக் கழற்றினார். தரையை வணங்கினார்.

கிராணியின் குரல் தடுமாறியது. “தொர சொல்றாரு: ஆள வச்சு ஒங்க ஒடம்பச் சோதிக்க மாட்டேன், அது ஒங்களுக்கு அவமானம். ஒங்க வழக்கம் எனக்குத் தெரியும். பட்டவன் தானே சொல்லட்டும்.”

துரை வாத்தியாரைப் பார்த்துத் தலை குனிந்தார். வாத்தியார் வரிசையிலிருந்து வெளியே வந்தார். மாலையில் எந்த இடத்தில் நிற்பாரோ அந்த இடத்திலேயே போய் நின்றார். அதே குரலில் சொன்னார்.

“பட்டவன் சொல்லுப்பா.”

அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பூட்ஸைக் கழற்றியவன், தரையை வணங்கியவன், ஒரே பாதையில் போகிறவன். சொல்லிவிட்டால் எங்கள் ஆட்டத்தில் நடப்பதுபோல எல்லாம் தீர்ந்து, கட்டிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கிவிடலாம் என்று நம்பினார். உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் இந்தத் தவறைச் செய்திருக்காது. ஒரு திருடன்கூடச் செய்திருக்க மாட்டான்.

சடையன் முன்னால் வந்தான். வலது கை எழவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைத் தொட்டான். “பட்டது,” என்றான்.

துரை என்னைப் பார்த்தார். ‘என் அடிதான்’ என்று அடித்தவன் சொன்னால்தான் முடியும். அதையும் அவர் மறக்கவில்லை. கிராணி என் அருகில் வந்தார். துரைக்குப் பாதி புரியாதபடி வேகமாகப் பேசினார்.

“காத்தமுத்து, நல்லா யோசிச்சுச் சொல்லு. மூஞ்சியப் பாக்கலன்னு சொல்லியிருக்க. அவன் கவாத்து மலையில விழுந்து அடிபட்டிருக்கலாம். ‘என் அடி இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்குறேன். சொல்லுப்பா.”

காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர் என்று நாங்கள் ஏசிய அந்த மனிதர், தன் கழுத்தைப் பணயம் வைத்து எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் தலையசைத்தார்.

“என் அடிதான்,” என்றேன்.

கால் தானாகவே முன்னால் போனது. சடையனைக் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு கொதித்தது. என் காதில் சொன்னான்: “அம்மாட்ட நான் சயாமுக்கு ரயில் வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லிடு மச்சான்.”

வாத்தியார் நம்பியதை அவன் நம்பவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் தரையைத் தொட்டிருக்கிறான். மறைத்தால் பதினெட்டுப் பேரும் போக வேண்டிவரும் என்று நினைத்தானோ, பழக்கதோஷமோ, எனக்குத் தெரியாது. கேட்க நேரம் கொடுக்கவில்லை.

துரை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். “நேர்மையான ஆளுன்னு தொர சொல்றாரு,” என்றார் கிராணி, தரையைப் பார்த்தபடி. சடையனை லோரியில் ஏற்றித் தாப்பாவுக்கு, மிலிட்டரி போலீஸிடம் அனுப்பினார்கள்.

மறுநாள் துரை ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். நேர்மையானவனைப் பெற்ற தாய்க்கு என்று, நாலு சுண்டு பச்சைப்பயறு. நான் அதைக் காட்டில் கொட்டப் போனேன். பவுன் பிடுங்கிக்கொண்டாள்.

“இது எங்கண்ணன் குடுத்த வெல. எங்கம்மா தின்னட்டும்,” என்றாள்.

சயாம் சேதியை நான்தான் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் கேட்டுக்கொண்டதுதானே. நான் பவுனிடம் சொன்னேன், பவுன் போய்ச் சொன்னாள். அத்தையின் கால் வடிந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தாப்பாவிலிருந்து வந்த லோரி டிரைவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, போன மூன்றாம் நாளே முடித்துவிட்டார்கள் என்றான். பவுன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், “யாரோ சயாம்ல அண்ணனப் பாத்தாங்களாம், நல்லா இருக்காம்,” என்று அம்மாவிடம் சொன்னாள். லயம் முழுக்க அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தது. சடையனுக்கு அங்கே சமையல்கட்டில் லேசான வேலை என்றார்கள். ஒரு சயாம்காரியைக் கட்டிக்கொண்டான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அத்தை பொய்க்கோபம் கொண்டு, கண்ணால் காணாத அந்தச் சயாம் மருமகளை நாலு வசவு வைதார். எல்லாரும் ஆளுக்கொரு துண்டு சேர்த்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் தோட்டத்திலும் உண்மையிலேயே சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். பட்டியலில் வாத்தியாரின் மருமகன் பேர் இருந்தது. அன்று நான் ஆபீஸ் வாசலில் காவலுக்கு நின்றேன். வாத்தியார் உள்ளே போய், துரைக்கு முன்னால் குனிந்து, வலது கையால் தரையைத் தொட்டு, தன் மருமகனுக்குக் காக்காய்வலிப்பு என்று சொன்னார். அந்தப் பையனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. துரை கண்ணாடியைத் துடைக்கவேயில்லை. கம்பு பிடித்தவன் சொல் என்று உடனே பேரை அடித்துவிட்டார்.

வெளியே வந்த வாத்தியாரை மறித்தேன்.

“தரையத் தொட்டுச் சொன்னீங்களே வாத்தியாரே.”

“அது ஆபீசுடா. நம்ம களம் இல்ல.”

“அன்னிக்கு மட்டும்?”

அவர் திடலைத் திரும்பிப் பார்த்தார். “அன்னிக்கு நான் களமுன்னு நெனச்சுட்டேன் காத்தா,” என்றார்.

பொய் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் தாங்கவில்லை. தன் வீட்டு ஆளுக்கு வந்தபோது ஆபீஸ் எது, களம் எது என்று ஒரு நொடியில் பிரித்துவிட்டார். அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அவரைத் திட்டி என் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியுமா? அன்று தலையசைத்தவர் அவர், வாயைத் திறந்தவன் நான்.

ஜப்பான்காரன் போவதற்குச் சில மாதம் முன்னால் அத்தை மறுபடி படுத்தார். இந்த முறை பயறும் இல்லை, தெம்பும் இல்லை. ஒருநாள் மத்தியானம், நான் முறை முடிந்து வந்தபோது, பவுன் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள். அத்தை என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

“மாப்ள, இங்க ஒக்காரு. பவுனு என் மவ. என் ஆறுதலுக்கு எதையாச்சும் சொல்லுவா. லயத்துக்காரங்களும் அப்படித்தான். நீ கம்பு புடிச்சவன், பொய் சொல்ல மாட்ட. நீ சொல்லு. என் மவன் சயாம்லதான இருக்கான்?”

பவுன் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணால் கெஞ்சியதை நான் பார்த்தேன்.

‘ஆமாம் அத்தை’ என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. சத்தியத்துக்குப் பயந்து நின்றேன் என்று எழுதினால், இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் முதல் பொய் அதுவாக இருக்கும். உண்மை வேறு. ‘இவன் பொய் சொல்ல மாட்டான்’ என்று ஒரு கிழவி சொன்ன அந்த ஒரு பேரை, அந்த நேரத்திலும், அவள் முன்னாலேயே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த தண்ணீரும் மண்டல விரதமும் மூச்சு எண்ணிக்கையும் ஏழு வருடமாக எனக்குள் வளர்த்தது அதைத்தான்.

அத்தை என் முகத்தை முழுக்கப் படித்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பவுன் என்னிடம் சத்தமில்லாமல் சொன்னாள்: “எங்கண்ணன் ஒங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு பொய்யி. அதைக்கூட நீங்க சொல்லல.”

பிறகு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, “அவருக்கு ஒன்னும் தெரியாதும்மா, அவருக்கு யாரு சொன்னா? அண்ணன் நல்லாத்தான் இருக்கு. நீ குடி,” என்று கரண்டியை உதட்டில் வைத்தாள். கஞ்சி தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அத்தை வாயைத் திறக்கவில்லை.